உலகின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகம்

மாணவர்களே, மூலை உதை எங்கிருந்து வந்தது எனச் சிந்தித்ததுண்டா?

1857 ஒக்டோபர் 24 இல் நதானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் ஆகியோர் இங்கிலாந்தில் ஷெபீல்ட் கழகத்தை நிறுவினர். 1858 இல் கழகம் தனக்கெனச் சட்டவிதிகளை வகுத்தது. ஷெபீல்டில் வளர்ந்த இவ்விதிகளிலிருந்தே மூலை உதையை 1872 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

1885 இல் வீரர்களுக்கு ஊதியம் வழங்க அனுமதி கிடைத்தது. ஷெபீல்ட் கழகமோ ஊதியமின்றியே ஆடியது. அதனால் தொழில்முறைக் கழகங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமற் பின்தங்கியது. எனினும் 1904 இல் தொழில்சாராக் கழகங்களுக்கான கிண்ணத்தை வென்றது.

"இக்கழகத்தின் முக்கியத்துவம் யாது?" என வினவப்பட்டால் ஆண்டை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது நிலைத்தது கிண்ணங்களாலன்று, விதிகளாலேயே என்பதைக் காரணத்துடன் விளக்குங்கள்.