நாற்பது வீடுகளின் ஹக்கு

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

உளூ, தொழுகை, நோன்பு பற்றி மஸ்அலா கேட்டு வருவோர் ஏராளம். அண்டை வீட்டாருக்குத் தாம் செலுத்த வேண்டிய ஹக்கு என்னவென்று கேட்டு வருவோர் மிகச் சிலரே. திருக்குர்ஆனோ, ஸூரத்துன்னிஸாவின் 36 ஆம் வசனத்தில், அல்லாஹ்வை மட்டுமே வணங்குமாறு கட்டளையிட்ட கையோடு, நெருங்கிய அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் உபகாரம் செய்யுமாறு பணிக்கின்றது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் இதனை ஓயாது வலியுறுத்தக் கண்டு, அண்டை வீட்டார் வாரிசாகவே ஆக்கப்பட்டு விடுவாரோ என நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி.

அண்டை வீட்டார் என்போர் யார்? முன்னால் நாற்பது, பின்னால் நாற்பது, வலத்தில் நாற்பது, இடத்தில் நாற்பது வீடுகள் என்று இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். அப்படியானால் 160 வீடுகளின் பொறுப்பு நம் வாசலில் தொடங்குகிறது!

அஷ்அரீ கோத்திரத்தாரின் வழி

போரில் உணவு குறைந்தாலோ, மதீனாவில் குடும்பத்தாரின் உணவு சுருங்கினாலோ, அஷ்அரீ கோத்திரத்தார் தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அவர்கள் செல்வந்தர்களல்லர். இருப்பதை ஒன்றுசேர்க்கும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது.

பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவரைச் சில நாள் காணவில்லை என்றதும், அவரைப் பற்றி விசாரித்தவர்களும் நபி (ஸல்) அவர்களே. மரணமடைந்து விட்டார் என்றதும், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ருக்குச் சென்று தொழுதார்கள். ஒருவர் வராவிட்டால் கேட்க ஆளிருப்பதே ஜமாஅத்.

பதிவேட்டில் இல்லாத வாசல்கள்

நம் மஹல்லாக்களில் சந்தாப் பதிவேடு இருக்கிறது. சந்தா கொடுப்போரின் பெயர் அதில் இருக்கிறது. கொடுக்க இயலாதவரின் பெயர் எங்கே? திருவண்ணாமலை போன்ற ஊர்களில், வாடகை குறைவென்று ஊரின் ஓரத்திற்கும், அடி அண்ணாமலை போன்ற கிரிவலப் பாதைப் பகுதிகளுக்கும் குடிபோகும் கூலித் தொழிலாளியும், தள்ளுவண்டிக்காரரும், கணவரை இழந்த பெண்ணும் எந்த மஹல்லாவின் கணக்கில் வருவார்கள்? மௌத்து விழுந்த பின்னர்தானா இவர்களை அடையாளம் காண்பது?

2024 டிசம்பர் 1 ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவார வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடியதில், ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். அத்தகைய வேளையில், எந்த வீட்டில் எத்தனை பேர், நடக்க இயலாத முதியவர் எங்கே என்பதை அதிகாரியை விட முன்னதாக அறிந்திருப்பவர் அடுத்த வீட்டாரே.

ஒரு தெருவின் படிப்பினை

கராச்சியின் ஒரங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் சாக்கடை வசதி இல்லாதிருந்தது. அரசாங்கம் கட்டித் தருமென்று மக்கள் காத்திருந்தனர். 1980 இல் அங்கு பணி தொடங்கிய அக்தர் ஹமீத் கான் நகரம் முழுவதையும் திரட்ட முயலவில்லை. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தையே அளவாகக் கொண்டார். சந்துக்காரர்கள் தமக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்து, தாமே பணம் போட்டு, தாமே மண் தோண்டிப் பாதாளச் சாக்கடை அமைத்தனர். ஒப்பந்தக்காரரின் இலாபம் இல்லாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. பெரிய குழாய் அரசின் பொறுப்பு, சந்துக் குழாய் எங்கள் பொறுப்பு என்பதே அவர்களின் கணக்கு.

நாம் செய்ய வேண்டியவை

1. மஹல்லாவைத் தெருத் தெருவாகப் பிரித்து, முப்பது வீடுகளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பெண்கள் பகுதிக்குப் பெண் ஒருவர் அவசியம். அடுப்பெரியாத வீட்டை முதலில் அறிபவர்கள் தாய்மார்களே.

2. சந்தாவை நிபந்தனையாக்காமல் வாடகைக் குடும்பங்களையும் பதிவு செய்யுங்கள். விதவை ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை போன்ற அரசு உதவிகளுக்கு மனு எழுதித் தர, படித்த இளைஞர் இருவர் போதும்.

3. கையேந்தாதவரைத் தேடுங்கள். மானத்தால் கேளாதவரை அறியாதவன் செல்வந்தரென எண்ணுவான் என்று அல்பகறாவின் 273 ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆயினும் தேவையை அறிவது வேறு, குறையைத் துருவுவது வேறு. பின்னது ஹராம். வாங்குவோரின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் பரப்புவது ஈகையின் நன்மையையே அழிக்கக் கூடும்.

4. ஜகாத்தை உள்ளூரில் உரியவர் இருக்க வெளியூருக்கு அனுப்புவது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபல சொல்லின்படி கூடாது. உறவினருக்காகவோ அதிகத் தேவையுடையோருக்காகவோ அன்றி அனுப்புவது ஹனஃபீ மத்ஹபில் மக்ரூஹ்.

5. ஜகாத் முஸ்லிம்களில் உரியோருக்கு. ஸதகாவும் உபகாரமும் எல்லா அண்டை வீட்டாருக்கும். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் கேட்டார்கள்.

சகோதரர்களே, தாய்மார்களே! இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் வாசலில் நின்று, இருபுறமும் பத்துப் பத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை வீட்டாரின் பெயர் தெரிகிறது? தெரியாத வீட்டுக்கு, குழம்பில் சற்றுத் தண்ணீர் கூட்டி ஒரு கிண்ணம் அனுப்புங்கள். அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த வழி அதுவே.

அண்டை வீட்டாரின் ஹக்கை நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் நம்மனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.