விற்பவர் சொன்ன நீர்மட்டம்

கேள்வி: கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் கடை வரிசை கட்ட ஒரு நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தேன். "தண்ணீர் ஐம்பது அடிக்குக் கீழேதான், இருபது அடியில் கெட்டிப் பாறை" என்றார் விற்பவர். இப்போது துளையிட்டால் பத்து அடியிலேயே நீர், பாறையைக் காணோம். ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமா?

பதில்: வாய்ப்பு உண்டு. ஆனால் விற்பவர் சொன்னது தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. போதிய தகவல் இல்லாமல் ஒன்றை அடித்துச் சொல்வது, சொன்னவர் அதை நம்பியே சொல்லியிருந்தாலும், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி தவறான கூற்றுத்தான். கேமரன் மலையில் இது மிக முக்கியம். அங்கே அடியில் பெரும்பாலும் கருங்கல். காலங்காலமாகப் பெய்த மழை அதைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கியிருக்கிறது. அந்த மண்ணுக்குள் சிதையாத உருண்டைப் பாறைகள் ஆங்காங்கே கிடக்கும். துளைக்கருவி அவற்றில் ஒன்றில் முட்டி நின்றால் அடிப்பாறை வந்துவிட்டதாகத் தோன்றும். நீர்மட்டமும் நிலையானது அல்ல. வறண்ட வாரத்தில் அளந்த ஆழம் ஆண்டிறுதி மழையில் பொய்த்துப்போகும். ஒரே துளையை நம்பி அவர் உறுதி கூறியிருந்தால், மோசடி ஆகாவிட்டாலும் 18ஆம் பிரிவுக்குள் வரும். ஆகவே மோசடி என்று குற்றம் சாட்டி, அவர் மனத்தில் இருந்ததை நிரூபிக்கும் சுமையை அவசரப்பட்டு ஏற்காதீர்கள். உண்மையான ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே பொய் சொன்னார் என்று தெரியவந்தால் மட்டும் அந்த வழி திறக்கும்.

சிக்கல் 19ஆம் பிரிவின் விலக்கில் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு உண்மையை அறிய வழி இருந்தவர், தவறான கூற்றைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. "நான் புவியியல் படித்தவன் அல்ல" என்று சொல்லத் தோன்றும். குடியிருக்க வீடு வாங்குபவருக்கு அது ஓரளவு உதவலாம். கடை வரிசை கட்டுபவருக்கு உதவாது என்றே நினைக்கிறேன். அடித்தளத்துக்கு எப்படியும் மண் சோதனை வேண்டும், அதைக் கையெழுத்துக்கு முன்பே ஏன் செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும். மாவட்ட மன்றம் மண்வேலைத் திட்டத்தைப் பார்க்குமே என்ற நம்பிக்கையும் பலிக்காது. 1993 டிசம்பர் 11 அன்று 48 உயிர்களைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிச் சரிவு தொடர்பான வழக்கில், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு ஊராட்சி மன்றத்தைக் காக்கிறது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உங்கள் வழக்கு நிற்கும் இடம் வேறு. கையெழுத்துக்கு முன் துளையிட அனுமதி கேட்டீர்களா? விற்பவர் மறுத்தாரா? உரிமையாளர் சம்மதமின்றி அவர் நிலத்தில் துளையிட முடியாது. மறுத்திருந்தால், உண்மையை அறிய வழியே இருக்கவில்லை என்று உறுதியாக வாதிடலாம். அனுமதி கேட்டதையும் அவர் மறுத்ததையும் காட்டும் வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அவற்றையும், அவருடைய சொல்லை நம்பியே ஒப்பந்தம் போட்டதைக் காட்டும் கடிதங்களையும் தேடி எடுங்கள். மீதிப் பணத்துக்கான கெடு முடிவதற்குள் வழக்கறிஞர் மூலம் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். அதுவரை நிலத்தில் மண்வெட்டி படக்கூடாது. வேலையைத் தொடங்கினால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் கருதக்கூடும்.