சேர்வரில் ‘யெஸ்’ சொல்லும் முன்

உடுவிலில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு கொம்பனிக்கோ ரொறன்ரோ கொம்பனிக்கோ சேர்வர் பார்ப்பவருக்கு ‘சூடோ’ உரிமைதான் முதல். பக்கேஜ் ஒன்றை நிறுவ ஒரு வரி கொமாண்ட் போதும். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், பிழைத்தால் எப்படித் திரும்புவது என்று சொல்லத் தெரிந்தவரிடமே அடுத்த பொறுப்பும் வந்து சேரும்.

பழையதை அப்படியே ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்துவிட்டது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பறிபோயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்தக் கிளவுட்டில் ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. மின்னஞ்சல்கள் பறிபோன அந்தக் காலப்பகுதிக்கு பேக்கப்பும் இருக்கவில்லை.

அந்த நிலை வராதிருக்க, உபுண்டு, டெபியன் சேர்வர்களைப் புதுப்பிக்கும்போது பழகவேண்டிய ஐந்து விடயங்கள் இவை.

1. முதலில் வாசியுங்கள்
‘ஆப்ட் அப்டேட்’ கொமாண்ட் பக்கேஜ் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும், எதையும் நிறுவாது. ‘அப்கிரேட்’ புதிய பதிப்புகளை நிறுவும், இருப்பதை நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். நேர்முகத் தேர்வில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் கேட்டால் தடுமாறக்கூடாது. ‘ஆப்ட்-கெட்’ கொமாண்டோடு ‘மைனஸ் எஸ்’ சேர்த்தால், எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் காட்டும். அதில் நீக்கப்படும் பட்டியலில் டேட்டாபேஸின் பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. கரண்ட் போகும் என்று எண்ணியே தொடங்குங்கள்
அப்கிரேட் நடுவில் ரவுட்டர் அணைந்தால் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்து, வேலை அரைகுறையில் நிற்கும். ‘டீமக்ஸ்’ என்ற கருவிக்குள் தொடங்கினால் உங்கள் பக்கம் இருண்டாலும் சேர்வரில் வேலை ஓடும். திரும்பி வந்து ‘அட்டாச்’ செய்தால் போதும். ஏற்கனவே அறுந்துவிட்டதா? ‘டிபிகேஜி’ கொமாண்டின் ‘கொன்ஃபிகர்’ தெரிவு, அரைகுறையில் நின்ற பக்கேஜ்களின் அமைப்பை முடித்துவைக்கும்.

3. கொன்ஃபிக் கேள்விக்கு அவசரப்படாதீர்கள்
நீங்கள் மாற்றிய கொன்ஃபிக் ஃபைலுக்குப் புதிய பதிப்பு வந்தால், எதை வைப்பது என்று திரையில் கேட்கும். வெறும் என்டர் தட்டினால் பழையதே இருக்கும். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பார்த்த பின்பே முடிவெடுங்கள்.

4. மூலத்தைச் சந்தேகியுங்கள்
2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று ஒளிந்திருந்தது வெளிப்பட்டது. எஸ்எஸ்எச் லொகின் அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்த பொறியியலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைத் தோண்டி எடுத்தார். டெபியனின் பரிசோதனைக் கிளைகளுக்குள் அது புகுந்திருந்தது. நிலையான வெளியீட்டை எட்டவில்லை. வாடிக்கையாளரின் சேர்வரில் புதுமை தேடாமல் நிலையான வெளியீட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஓர் இணையதளம் தந்த ஸ்கிரிப்ட்டை ‘சூடோ’ போட்டு நேரே ஓட்டாதீர்கள்.

5. எழுதி அனுப்புங்கள்
எப்போது எந்தப் பக்கேஜ் எந்தப் பதிப்புக்கு மாறியது என்பதை ஆப்ட்டின் ஹிஸ்டரி லொக் வைத்திருக்கும். அதைப் பார்த்து மேலாளருக்கு நாலு வரி அனுப்புங்கள்: “இன்று காலை பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவப்பட்டன. இணையதளம் சோதிக்கப்பட்டது, இயங்குகிறது. கேர்னல் மாறியதால் ரீபூட் தேவை. ஞாயிறு இரவு செய்யலாமா?” உங்களை நேரில் காணாத மேலாளர் உங்கள் வேலையை இந்த வரிகளில்தான் எடைபோடுவார்.

பழக, பழைய லப்டொப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும். வேண்டுமென்றே உடைத்துத் திருத்திப் பாருங்கள். வேலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு சேர்வரின் ஆதரவு முடியும் திகதியையும் குறித்துவையுங்கள். உபுண்டு 22.04-க்கான வழமையான ஆதரவு 2027-இல் முடிகிறது. கொம்பனியில் அதை முதலில் எடுத்துச் சொல்பவர் நீங்களாக இருங்கள்; மாற்றும் வேலையும் பெரும்பாலும் உங்களிடமே வரும்.