பாறையும் பாதுகாப்பும்

நுழையும்முன்

வீட்டின் அடித்தளம் முதல் இருப்புப்பாதை வரை கருங்கல் இன்றி அமைவதில்லை. அக்கல் யாருடைய உழைப்பால் வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. சிறு கல்குவாரிகளில் உழைப்போரின் உயிரையும் சுற்றுச்சூழலையும் காக்கும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

சிறிய பரப்பு, பெரிய இடர்

தமிழ்நாட்டு நிலப்பரப்பின் பெரும்பகுதி தொன்மையான கடினப் பாறைகளால் ஆனது. இங்குள்ள கல்குவாரிகள் பல, ஐந்து எக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. ஆற்றுமணலுக்கு மாற்றாகப் பாறையைப் பொடித்து உருவாக்கும் எம்-சாண்டின் பயன்பாடு பெருகியதால் கல்லின் தேவையும் உயர்ந்துள்ளது. குவாரி சிறிது என்பதால் அதன் இடரும் சிறிது என்று கருதுதல் தவறு.

படியே காவல்

பாறையைச் செங்குத்தாக வெட்டாமல், படிப்படியாக வெட்டி இறங்குவதே பாதுகாப்பின் அடிப்படை. கடினப் பாறையில் ஒரு படியின் உயரம் பொதுவாக 6 மீட்டரை மிகலாகாது என 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் வரையறுத்தன. மேலிருந்து பெயர்ந்து விழும் கல்லைப் படி தடுத்து நிறுத்தும். தொழிலாளர் ஏறவும் இறங்கவும் வழியாகும்.

இவ்விதி ஏன் மீறப்படுகிறது? நீளமும் அகலமும் 100 மீட்டராக உள்ள ஒரு குவாரியை எண்ணிப் பார்ப்போம். ஆறு மீட்டர் உயரமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட படிகளை நாற்புறமும் அமைத்து 30 மீட்டர் ஆழம் இறங்கினால், அடித்தளத்தின் பக்க அளவு 52 மீட்டராகச் சுருங்கும். அதாவது, மேற்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அடியில் எஞ்சும். படிகளாக நிற்கும் கல்லை இழப்பாகக் கருதுவோர் செங்குத்தாக வெட்டுகின்றனர். அந்த 'இழப்பே' உயிர்காக்கும் சுவர் என்பதை மறந்துவிடுகின்றனர். குவாரி சிறிதாகச் சிறிதாக இந்த ஆசை பெரிதாகிறது.

கண்ணுக்குத் தெரியாத பகை

பாறை சரிவது கண்ணுக்குத் தெரியும். தூசியின் தீங்கோ உடனே தெரிவதில்லை. கருங்கல்லைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய சிலிகாத் துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து அதனை இறுகச் செய்கின்றன. இதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாது. இந்நோயாளரைக் காசநோயும் எளிதில் பற்றும். முகத்தில் சுற்றிய துண்டு இத்துகளைத் தடுக்காது. துளையிடும் இடத்தில் நீரைப் பாய்ச்சுவதும், தரமான முகக்கவசம் அணிவதும், குறித்த காலத்தில் மருத்துவ ஆய்வு செய்வதும் இந்நோயைத் தவிர்க்கும் வழிகள்.

கைவிடப்பட்ட பள்ளம்

நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே குவாரி இறங்கும்போது, ஊறும் நீர் வெளியேற்றப்படுகிறது. அதனால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் தாழக்கூடும். பணி முடிந்தபின் பள்ளத்தில் மழைநீர் தேங்குகிறது. குளிக்க இறங்கும் சிறுவர்க்குச் செங்குத்துச் சுவரில் கால் ஊன்றவும் இடமிராது, கரையேற வழியுமிராது. தொழிலாளரைக் காக்க வெட்டப்படாத படி, பின்னாளில் ஊராரின் பிள்ளைகளையும் காப்பதில்லை. ஆதலின், பள்ளத்தைச் சுற்றி வேலியிடுதலும் கரையில் மரம் வளர்த்தலும் குவாரிப் பணியின் பகுதிகளே.

சட்டமும் கடமையும்

ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என 2012இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. சிறு குவாரிகள் பல அடுத்தடுத்து அமையும்போது அவற்றின் கூட்டு விளைவு பெரிதாகும் என்பதே இதன் உட்பொருள். சட்டம் எழுத்தில் மட்டும் நின்றால் பயனில்லை. உரிமையாளர் படி வெட்ட வேண்டும். அலுவலர் அளந்து பார்க்க வேண்டும். ஊரார் கேள்வி எழுப்ப வேண்டும். கல்லின் விலையில் அதை உடைப்போரின் உயிர்க்காப்புச் செலவும் அடங்கியிருத்தலே அறம்.

தெரியுமா?

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி மலைப்பகுதியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் உள்ளன. 2022இல் இப்பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் கூறப்பட்ட 30 மீட்டர் ஆழக் குவாரியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் படிகளுடன் வரைந்து விளக்குக.
2. உங்கள் ஊரில் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்திற்கு வேலி அமைத்துத் தருமாறு மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதுக.