மடிக்கணினியின் ஆயுளும் நீட்டித்த உத்தரவாதமும்

நம் திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகச் சரக்கெடுக்கும் வியாபாரி, அதில் ஒரு பங்கு அழுகிப்போகும் என்பதை முன்னரே கணக்கிட்டு விலை பேசுகின்றார். சரக்கு எத்தனை நாள் தாங்கும், சேதாரம் எவ்வளவு, அதனை ஏற்பவர் யாவர் என்னும் மூன்று வினாக்களே அவ்வாணிகத்தின் ஆணிவேர். பெற்றோரின் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து மடிக்கணினி வாங்கும் மாணாக்கருக்கும், கடைக்கணக்கை அதில் எழுதும் சிறு வணிகருக்கும் இவ்வினாக்கள் பொருந்துமாதலின், அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

மடிக்கணினி பழுதுறுவதன் முதற்காரணம் உஷ்ணமாம். மேசைக் கணினியின் அகன்ற பெட்டியில் எளிதிற் பரவும் வெப்பம், இங்கே விரற்கடை கனமுள்ள கூட்டில் அடைபடுகின்றது. அதனை வெளியேற்றும் சிறு விசிறியைத் தூசி அடைத்துவிடின் உட்கருவிகள் வாடும். மிளகாய் மூட்டைகளுக்கும் பருப்பு மூட்டைகளுக்கும் இடையே, 40 பாகை கடக்கும் கோடையில் உழைக்கும் கணினியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? லித்தியம் மின்கலமும் வெப்பத்தால் விரைவில் வலுவிழக்கும். பழைய முறையில் அமைந்த சுழலும் வன்தட்டு, ஓடுங்கால் கீழே விழுந்தால் அதன் வாசிக்கும் முனை தட்டில் உரசி அழிவு நேரும். அசையும் உறுப்பில்லாத புதுவகைச் சேமிப்பகத்திற்கு இவ்விடர் இல்லை.

நிற்க. பயன்படுத்துவோர் எத்துணைப் பேணினும் தவிர்க்கவொண்ணாப் பழுதுகளும் உள. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளிற் பொருத்திய தன் படக்காட்சிச் சில்லுகள் சிலவற்றின் அமைப்புப் பொருள் வலுவற்றதென்று அறிவித்து, அதன் பொருட்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அவை மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்ந்தமையால் நாளடைவில் பழுதுற்றன. டெல், எச்.பி. நிறுவனங்கள் அத்தகைய கணினிகள் பலவற்றிற்கு உத்தரவாதக் காலத்தைத் தாமே நீட்டித்தன.

இனி, சேதாரத்தின் அளவு யாது? 2009-இல் அமெரிக்காவின் ஸ்கொயர்டிரேட் நிறுவனம் ஏறத்தாழ 30,000 மடிக்கணினிகளை ஆராய்ந்து, மூன்றாண்டில் நூற்றுக்கு 31 பழுதுறும் எனக் கணித்தது. அவற்றுள் ஏறக்குறைய 20 கருவிக்கோளாறு. எஞ்சியவை விழுதல், நீர் சிந்துதல் முதலிய விபத்துக்கள். இதனை வெளியிட்டவர் உத்தரவாதம் விற்பவரே என்பதும், அக்காலக் கணினிகள் வேறு என்பதும் மறக்கற்பாலன அல்ல.

ஓர் உதாரணக் கணக்கு இடுவோம். பழுது நீக்கச் சராசரி 15,000 ரூபாய் ஆகுமென்றும், ஐந்தில் ஒரு கணினி கருவிக்கோளாறு அடையுமென்றும் கொண்டால், ஒருவர் எதிர்பார்க்கத்தகும் நட்டம் 3,000 ரூபாய். முதலாண்டுப் பழுதைத் தயாரிப்பாளரே ஏற்பது பெருவழக்காதலின் உண்மையில் அதனினும் குறையும். இதற்கு 6,000 ரூபாய் கேட்பின், விலை பொருளின் இருமடங்கன்றோ? ஆயினும் சராசரி என்பது பலருக்குரியது. பழுது ஒருவர் தலையிலேயே விழுகின்றது. பத்துக் கணினி வைத்திருக்கும் அலுவலகம் அந்நட்டத்தைத் தானே தாங்கலாம். ஒன்றே உடையவராய், அது நின்றால் படிப்போ பிழைப்போ நிற்கும் நிலையிலுள்ளார்க்குச் சற்று மிகுந்த விலையும் தகுவதேயாம்.

அங்ஙனம் வாங்குங்கால், மின்கலம் அடங்குமா, விபத்து அடங்குமா, பழுது பார்க்குமிடம் நம்மூரில் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். விபத்து அடங்காத சீட்டு, கைதவறி விழுந்த கணினிக்கு உதவாது. கொடுத்த வாக்கை விற்றவர் மறுப்பின், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள் முறையிடலாம். ரசீது கையிலிருத்தல் அவசியம்.

இறுதியாக ஒன்று. எவ்வுத்தரவாதமும் யந்திரத்தையே மீட்டுத் தரும்; அதனுள் எழுதிவைத்த ஆய்வேட்டையும் கணக்கையும் மீட்டுத் தாராது. ஆதலின் வாரம் ஒருமுறை அவற்றிற்கு வேறோரிடத்தில் படியெடுத்து வைப்போமாக. அதற்கு ஆகும் செலவு சிறிது. காக்கப்படும் உழைப்போ பெரிது.