புல்வெட்டி நுனியில் எதை மாட்டுவது?

மாணவர்களே, அரிவாளால் புல் அறுப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? இடக்கையால் ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் வலக்கையால் அறுப்பார். பிடிக்காமல் வீசினால் புல் சாய்ந்து கொடுத்துவிடும். ஆனால், நம் சாலையோரங்களில் ‘மெசின் ரும்புட்’டைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்பவர் புல்லைத் தொடுவதே இல்லை. பல நேரங்களில் அவருடைய இயந்திரத்தின் நுனியில் கத்தியும் இருக்காது, வெறும் நைலான் நூல்தான். அது எப்படிப் புல்லை அறுக்கிறது?

விடை வேகத்தில் இருக்கிறது. நூல் சுழலும் வட்டத்தின் விட்டம் 40 செண்டிமீட்டர் என்றும், அது நிமிடத்திற்கு 6,000 முறை சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றில் நூலின் நுனி ஏறத்தாழ 1.26 மீட்டர் தூரம் போகிறது. ஆக, நொடிக்கு 126 மீட்டர், அதாவது மணிக்கு 450 கிலோமீட்டர்! பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் இ.டி.எஸ். இரயிலின் உச்ச வேகத்தைப்போல் இது மூன்று மடங்குக்கும் மேல். இந்த வேகத்தில் அடி விழும்போது, புல்லுக்குச் சாய்ந்து கொடுக்க நேரமில்லை. அதன் நிலைமமே (மலாய்ப் பாடநூலில் ‘இனெர்சியா’ என்று படித்திருப்பீர்கள்) அதைப் பிடித்து வைக்கிறது. அறுப்பவரின் இடக்கை செய்த வேலையை இங்கே நியூட்டனின் முதல் விதி செய்கிறது.

தொளதொளவென்று கிடக்கும் நூல், சுழலும்போது கம்பிபோல் விறைத்து நிற்பதும் வேகத்தால்தான். 15 செண்டிமீட்டர் நூலின் எடை 1 கிராம்கூட இல்லை. ஆனாலும் அந்த வேகத்தில் அதன் அடிப்பகுதியில் ஏறத்தாழ 38 நியூட்டன் இழுவிசை உண்டாகிறது. நூலில் 4 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்.

இந்த உத்தியைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை தோன்றியது. 1971-இல் ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, மீன்பிடி நூலைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். இத்தனைக்கும் அவர் பொறியாளர் அல்லர், நடனப் பள்ளி நடத்தியவர்!

இனி பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவ் மலைச்சரிவுக்குப் போவோம். பழம் விழத் தொடங்குமுன் டுரியான் தோட்டக்காரர்கள் மரங்களுக்கு அடியில் மண்டிய புதரை வெட்டிச் சுத்தம் செய்வார்கள். புதருக்குள் விழுந்த பழத்தைத் தேடி எடுப்பது எளிதல்ல. ஓராண்டு கவனிக்காமல் விட்ட சரிவில் என்னென்ன இருக்கும்? லாலாங் புல், எதிலும் பற்றிப் படரும் மிக்கானியா கொடி, விரல் தடிமனுக்குக் கட்டைபோல் வளர்ந்த செண்டுடுக் செடி. இவற்றுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், கருங்கல். பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல் பாறையால் ஆனது என்பதைப் புவியியலில் படித்திருப்பீர்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், “புல்லுக்கு நைலான், புதருக்கு இரும்பு” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார். தவறில்லை. இளம்புல்லின் தண்டு மென்மையானது, நூலே போதும். செண்டுடுக்கின் தண்டில் லிக்னின் என்ற பொருள் சேர்ந்து கட்டையாகிவிடுகிறது, நூல் அதில் பட்டு வளைந்து தேய்ந்துபோகும். கொடியோ நூல் தலையைச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே திணறடிக்கும். இவை இரண்டுக்கும் மூன்று பல் கொண்ட உலோகத் தகடு ஏற்றது. தண்டு இன்னும் தடித்துச் சிறு மரமாகிவிட்டால், இரம்பம்போல் பல பற்கள் உள்ள வட்டத் தகடு வேண்டும்.

ஆனால், இந்தப் பதிலில் கல் எங்கே?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். அரைக் கிலோ எடையும் 25 செண்டிமீட்டர் விட்டமும் உள்ள வட்டத் தகடு அதே 6,000 சுற்றில் ஓடினால், அதில் சேர்ந்திருக்கும் இயக்கச் சக்தி ஏறத்தாழ 770 ஜூல். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவரை ஒன்றரை மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமான சக்தி அது. ஒரு நைலான் நூலில் இருப்பதோ 3 ஜூலுக்கும் குறைவு. கல்லில் பட்டால் நூல் வளையும், அல்லது அறுந்துபோகும். நட்டம் சில காசுதான். தகடு வளையாது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் மிகவும் கடினமான கனிமம். ஆகவே பல் உடையலாம், உடைந்த எஃகுத் துண்டு தெறிக்கலாம். புல் வெட்டும்போது தெறித்த துண்டுகள் கண்ணுக்குள் பாய்ந்த சம்பவங்களை மலேசியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கல் நிறைந்த இடத்தில் உலோகத் தகட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். வேலை மெதுவாக நடந்தாலும், அங்கே பாராங் கத்தியால் கட்டைச் செடிகளைத் தறித்துவிட்டு, மீதிக்கு நூலைப் பயன்படுத்துவதே சரி.

அதற்காக, 3 ஜூலை அற்பமென்று எண்ணிவிடாதீர்கள். அதில் பாதி 1 கிராம் எடையுள்ள பொடிக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தாலே, அது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். இயந்திரத்தின் கையேடுகள் ‘15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது’ என்று எச்சரிப்பது சும்மா அல்ல. உங்கள் அப்பாவோ தாத்தாவோ வெயிலைச் சாக்காகச் சொல்லிக் கண்ணாடி அணியாமல் புல் வெட்டுகிறாரா? இந்த ஒரு கணக்கை மட்டும் அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

தகட்டுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான இயந்திரங்களில், மேலிருந்து பார்த்தால் தகடு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். தகட்டையே ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேர் எதிரே 12. இடப்பக்கம் 8 முதல் 11 மணி வரையுள்ள பகுதியால் வெட்டுவது பாதுகாப்பு. 12 முதல் 3 மணி வரையுள்ள பகுதி கட்டையில் இடித்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கட்டை தகட்டைத் திருப்பித் தள்ளும். இயந்திரம் முழுவதும் ஒரே நொடியில் வலப்புறமாக வீசப்படும். ஈரமான சரிவில் நிற்பவர் கதி என்னவாகும்? நூலில் இந்த உதைப்பு நேர்வதில்லை.

இணையக் கடைகளில் இரும்புச் சங்கிலித் துண்டுகள் தொங்கும் தலை ஒன்றும் மலிவாக விற்கிறார்கள். கல்லில் பட்டாலும் வளைந்து கொடுக்கும், நூலைவிட உறுதியானது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அதில்தான் சிக்கல். ஒரு கண்ணி அறுந்தால் அது தோட்டாபோல் பறக்கும். கையில் பிடித்து இயக்கும் இயந்திரங்களுக்கு, இப்படிக் கோத்த உலோகத் துண்டுகள் கொண்ட தலைகளை விற்கக் கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை விதித்தது. வாங்க வேண்டாம்.

அப்படியானால் நைலான் நூல் எல்லாருக்கும் நல்லதா? மரத்தைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். இலையில் தயாரான உணவு, பட்டையை ஒட்டியுள்ள புளோயம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. இளம் டுரியான் கன்றைச் சுற்றி நூலை ஓட்டினால், புல்லோடு சேர்ந்து பட்டையும் உரிந்துபோகும். பட்டை ஒரு முழு வளையமாக உரிந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். சில மாதம் பச்சையாகவே நிற்கும் மரம், பிறகு காரணமில்லாமல் காய்ந்ததுபோல் தோன்றும். அதனால், கன்றைச் சுற்றி ஒரு முழ அகலத்திற்குக் கையால் களை பிடுங்குவார்கள் அனுபவசாலிகள்.

உங்கள் பள்ளித் திடலிலோ அருகிலுள்ள பூங்காவிலோ, இயந்திரம் ஓடாத நேரத்தில், இளமரங்களின் அடித்தண்டைப் பாருங்கள். தரையிலிருந்து ஐந்தாறு செண்டிமீட்டர் உயரத்தில் பட்டை கிழிந்த தழும்புகள் இருக்கின்றனவா? தண்டின் சுற்றளவில் எத்தனை விழுக்காடு உரிந்திருக்கிறது என்று நூலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து, அந்த மரங்களின் இலைகளைத் தழும்பில்லாத மரங்களின் இலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.