பெயிண்ட் இருக்கட்டும், பட்டா யார் பெயரில்?

கேள்வி: தெப்பக்காட்டு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே எல்லாம் வனத்துறை நிலம், நமக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. அதனால் அப்பா வேலையில் இருந்தபோதே ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி மசினகுடியில் ஐந்து சென்ட் வாங்கி ஓட்டு வீடு கட்டினார். அவர் தவறி நான்கு வருஷம் ஆகிறது. அம்மாவை என்னோடு கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு வீட்டைச் சீக்கிரம் விற்க நினைக்கிறேன். முன்பக்கம் பெயிண்ட் அடித்து, பின்னால் இரண்டு ரூம் எடுத்து, 'ஊட்டி அருகே ஹோம்ஸ்டே' என்று விளம்பரம் கொடுத்தால் ஒரே மாதத்தில் போய்விடும் என்கிறார் புரோக்கர். நாலு லட்சம் செலவாகுமாம். செய்யலாமா? பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. தங்கை பெங்களூரில் இருக்கிறாள்.
– வாசகர், தெப்பக்காடு

பதில்: பெயிண்டைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, பட்டாவைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வாங்க வருகிறவர் இந்த வரிசையைத் திருப்பித்தான் பார்ப்பார். வீடு பிடித்துப்போய் அட்வான்ஸோடு வந்தவர்கூட, 'முதலில் பேப்பரை என் வக்கீலிடம் காட்டுகிறேன்' என்பார். அங்கே நின்றுபோன பேச்சு பெரும்பாலும் திரும்பத் தொடங்குவதில்லை.

அதனால் முதல் வேலை தாலுகா ஆபீஸில். வாரிசுச் சான்று வாங்குங்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களுக்கும் சம பங்கு. மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விற்கலாம். அல்லது மற்ற இருவரும் உங்களுக்கு விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கலாம். எதுவானாலும் தங்கையிடம் இன்றே பேசிவிடுங்கள். வாங்குபவர் வந்த பிறகு பேசினால் நல்ல உறவிலும் கசப்பு வரும். பிறகு பட்டா மாறுதல், 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், புல வரைபடம், கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

உங்கள் ஊருக்கென்றே இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. சீகூர் யானை வழித்தடத்தைப் பற்றிய 2010ஆம் ஆண்டு அரசாணையை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் சர்வே எண் அந்த எல்லைக்குள் வருகிறதா? அடுத்தது, 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட நிலமா? அப்படியென்றால் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் செய்த விற்பனை செல்லாது. இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருந்தால், அந்தக் காகிதம் எந்த பெயிண்டை விடவும் வேகமாக வீட்டை விற்றுத் தரும். பதில் பாதகமாக வந்தால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு வக்கீலிடம் போங்கள். மறைத்து விற்றால் பணத்தோடு வழக்கும் வீட்டுக்கு வரும்.

ஹோம்ஸ்டே யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் உங்கள் பக்கத்தில் 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் அனுமதி இல்லாமல் எடுத்த இரண்டு ரூம், வாங்குபவர் கண்ணுக்கு லாபமாகத் தெரியாது, வம்பாகத்தான் தெரியும். 'ஊட்டி அருகே' என்பதும் வேண்டாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, மசினகுடி ஏறக்குறைய 1,000 மீட்டர். ஸ்வெட்டரோடு வந்து இறங்குபவர் வாசலிலேயே வியர்த்துவிட்டு, நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார். 'மசினகுடி, குடியிருக்க ஏற்ற ஓட்டு வீடு, தெளிவான பத்திரம்' என்று போடுங்கள். வருவது நாலு பேராக இருந்தாலும் வாங்குகிற நாலு பேராக இருப்பார்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். கூரையில் ஏறிப் பாருங்கள். குரங்கு குதித்து உடைத்த ஓடுகளை மாற்றி, ஒழுகல் நின்ற பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். ஒருமுறை நான் காட்டிய வீட்டில், ஒரு மூலைக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். வந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்தார். கை ஈரமானது. அதோடு பேச்சு முடிந்தது. ஈரம் காய்ந்த பிறகு உள்ளே முழுக்க ஒரே வெள்ளை அடித்தால் போதும். கதவு நிலைகளில் கரையான் பாருங்கள், ஒட்டாத தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள், ஃபியூஸ் போன பல்புகளை மாற்றுங்கள். அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டிகளை இடம் மாற்றினாலே கூடம் பெரிதாகிவிடும்.

வெளியே, சுவரை ஒட்டி வளர்ந்த உண்ணிச்செடியை வெட்டி எடுங்கள். புதருக்குப் பின்னால் யானை நின்றாலும் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். பலா மரம் இருந்தால் பழுக்கும்வரை விடாமல் பிஞ்சிலேயே இறக்கிவிடுங்கள். சமையலறை ஜன்னலோரம் அரிசி மூட்டையும் உப்பும் வேண்டாம், அந்த வாசனைக்குத்தான் சுவர் இடிபடுகிறது. வேலியில் மின்சாரத்தைக் கொக்கி போட்டு இழுத்தால், விற்பதற்கு முன்பே ஜெயிலைப் பார்க்க வேண்டிவரும்.

வீடு பார்க்கக் காலை பத்து மணிக்கு வரச்சொல்லுங்கள். மைசூர், பெங்களூர்க்காரர்கள் என்றால் தெப்பக்காட்டைக் கடக்கும் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதைச் சொல்லி வையுங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் காட்டுங்கள். எந்த மூலையில் போன் சிக்னல் கிடைக்கும் என்பதையும் காட்டிவிடுங்கள். விலையை, பக்கத்தில் சமீபத்தில் உண்மையிலேயே பதிவான விற்பனைகளை விசாரித்து வையுங்கள். பத்திரச் செலவு 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுகிறது என்பதையும் அவர் கணக்குப் போடுவார்.

புரோக்கர் சொன்ன நாலு லட்சத்தில் ஐம்பது, அறுபதாயிரம் செலவழித்தாலே இவ்வளவும் முடிந்துவிடும். மீதியை அம்மா கையில் கொடுங்கள்.

யார் வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்ததும், 'யானை வருமா?' என்று கேட்பார்கள். புரோக்கர் வாயைத் திறக்கும் முன் அம்மாவைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். 'வரும். அந்த வேலி ஓரமாகத்தான் போகும். நாம் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளேயே இருந்துக்கணும்.' அதைக் கேட்டு எழுந்து போகிறவரை மரியாதையாக அனுப்பிவையுங்கள். எந்த வேலி என்று கேட்டு எட்டிப் பார்க்கிறவருக்கு டீ போடலாம்.